முகாமுக்கு வரும் பிள்ளைகளின் உடல்நலக் குறிப்புகளை யார் யார் அறிந்திருக்க வேண்டும்?

கேள்வி: நடைவழி

வணக்கம். எட்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளை மலைப்பாதை நடைக்கும் கூடாரத்தில் தங்கும் முகாம்களுக்கும் அழைத்துச் செல்லும் ஒரு தன்னார்வக் குழுவில் அண்மையில் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். எங்களில் சம்பளம் பெறுபவர் ஒருவரும் இல்லை. உடன் வருபவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரே. ஒவ்வொரு முகாமுக்கும் முன்பு உடல்நலப் படிவம் வாங்கி, அதிலுள்ளவற்றையெல்லாம் ஒரே அட்டவணையாகத் தொகுத்து, உடன் வரும் அனைவருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது நான் வருவதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்.

அடுத்த முகாமுக்குப் படிவம் கொடுத்த ஒரு தாய், தம் மகளுக்கு வலிப்பு நோய் இருப்பதை அதில் எழுதாமல் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். முகாமில் பிள்ளையின் அருகில் இருப்பவர் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களில் சிலர் அவர் மகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். இன்று அட்டவணையில் ஏறுவது நாளை வகுப்பறையில் பேச்சாகிவிடும் என்று அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. எங்கள் மூத்த தன்னார்வலர்கள் சிலரோ, காட்டுக்குள் ஆபத்து நேரும்போது அந்தரங்கம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருப்பதே பாதுகாப்பு என்று உறுதியாக நிற்கிறார்கள். அதையும் என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

நடைமுறையில் இதை எப்படி வரையறுத்துக்கொள்வது? படிவத்தில் எவற்றைக் கேட்கலாம், எவற்றைக் கேட்கவே கூடாது? பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் நோயைப் பற்றி ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்றால் அந்த விருப்பத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது? முகாம் முடிந்தபின் அந்தத் தாள்களை என்ன செய்வது? இத்தகைய பொறுப்பில் இருந்தவர்களும் மருத்துவத் துறையில் இருப்பவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1: குழந்தைகள் பிரிவுச் செவிலியர்

தனியே அழைத்துச் சொன்ன அந்தத் தாய் உங்கள் குழுவுக்குப் பெரிய நன்மை செய்திருக்கிறார். அட்டவணை எங்கெல்லாம் போகும் என்று தெரிந்த பெற்றோர் பலர் அவ்வாறு அழைப்பதில்லை. ‘நோய் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருப்பதே பாதுகாப்பு என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுவே முதற்காரணம். எல்லார் கைக்கும் போகும் படிவத்தில் உண்மை வந்து சேராது. காட்டுக்குள் உங்களுக்குத் துணை நிற்பது உண்மையாக நிரப்பப்பட்ட படிவம் மட்டுமே. அது வேண்டுமானால், எழுதியது கசியாது என்ற நம்பிக்கையைப் பெற்றோருக்கு முதலில் கொடுத்தாக வேண்டும்.

படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள்: இது தெரிந்தால் உடன் வருபவர் வேறு விதமாக என்ன செய்யப்போகிறார்? அதற்குத் தெளிவான விடை இருந்தால் மட்டும் அந்த வரி இருக்கட்டும். சிறுவயதில் நடந்து முழுதும் ஆறிப்போன அறுவை சிகிச்சை, குடும்பத்தில் உள்ளவர்களின் நோய்கள், முன்பு எப்போதோ மனநல ஆலோசனைக்குச் சென்றது ஆகியவற்றைப் பல படிவங்கள் பழக்கத்தால் கேட்கின்றன. நடையிலோ கூடாரத்திலோ அவற்றால் ஒரு முடிவும் மாறுவதில்லை. எச்ஐவி தொற்று இருக்கிறதா என்ற கேள்வி இதற்கு மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு. சேர்ந்து உண்பதாலும் ஒரே கூடாரத்தில் உறங்குவதாலும் விளையாடுவதாலும் அது பரவாது. காயத்தைத் தொடும் முதலுதவியாளர் எந்தப் பிள்ளையின் இரத்தமானாலும் கையுறை அணிந்தே தொட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பல பத்தாண்டுகளாக உள்ள அடிப்படை விதி. எல்லாரிடமும் ஒரே கவனத்தைக் காட்டினால் யாருக்கு என்ன தொற்று என்று அறிய வேண்டிய தேவையே எழாது. அந்தக் கேள்வியைக் கேட்பவர் ஒரு பாதுகாப்பையும் பெறுவதில்லை. கேட்கப்பட்ட குடும்பம் மட்டும் நடுங்குகிறது.

அடுத்து, நோயின் பெயர் வேறு, செய்ய வேண்டிய செயல் வேறு. அந்தப் பெண்ணின் குழுத் தலைவருக்கு அவள் எத்தனை வயதிலிருந்து மருந்து எடுக்கிறாள், மூளை ஸ்கேன் என்ன சொன்னது என்பவை வேண்டியதில்லை. அவளுக்கு வலிப்பு எப்படி வெளிப்படும் என்பதுதான் வேண்டும். உடல் முழுவதும் துடிக்கலாம், அல்லது சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி பதில் பேசாமல் நிற்பதாக மட்டும் இருக்கலாம், இரண்டாவதை அறியாதவர்கள் கவனக்குறைவு என்று எண்ணிக் கடிந்துகொள்வார்கள். துடிப்பு தொடங்கியதும் நேரத்தைக் குறிக்க வேண்டும், தலைக்கடியில் மென்மையாக எதையாவது வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கவோ கைகால்களை அழுத்திப் பிடிக்கவோ கூடாது, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர் எழுதித் தந்த அவசர மருந்தைக் கொடுத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இவற்றோடு, அவள் நீரில் இறங்கும்போது கை எட்டும் தொலைவில் ஒரு பெரியவர் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தூக்கம் கெடுவது பலருக்கு வலிப்பைத் தூண்டும் என்பதால் நள்ளிரவுவரை கதை பேசும் கூடாரத்தில் அவளை விடக் கூடாது. இவ்வளவும் ஒரு உள்ளங்கை அளவு அட்டையில் அடங்கும். அட்டையை எழுத வேண்டியவர் நீங்கள் அல்லர், பெற்றோர். முடிந்தால் அவளது மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்டதாக இருக்கட்டும்.

முழுப் படிவம் முதலுதவிப் பொறுப்பாளர் ஒருவரிடம் இருக்கலாம். அட்டை, பிள்ளையோடு நடப்பவர்களிடம். சமையல் பொறுப்பில் உள்ளவருக்கு எந்த உணவு எந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பது மட்டும் போதும், அந்தப் பிள்ளை வேறு எதற்கு மாத்திரை எடுக்கிறது என்பது அவர் வேலைக்குத் தொடர்பில்லாதது. மற்றவர்களுக்கு எதுவும் வேண்டியதில்லை.


பதில் 2: நெடுநாள் தன்னார்வலர்

மேலே உள்ள பதிலின் நோக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் முகாமை நடத்துபவன் என்ற முறையில் ஒரு மறுப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திட்டத்தில் எழுதிய குழுப் பிரிவு, பாதையில் அப்படியே நிற்பதில்லை. ஒரு பிள்ளைக்குக் கால் கொப்பளிக்கிறது, அதைக் கூட்டிக்கொண்டு ஒரு தலைவர் பின்தங்குகிறார். வேகமாக நடப்பவர்கள் இன்னொருவரோடு முன்னே போய்விடுகிறார்கள். ஓடையைக் கடக்கும்போது குழுக்கள் கலந்துவிடுகின்றன. அட்டையை வைத்திருப்பவர் ஒரு வளைவுக்கு அப்பாலும் பிள்ளை இப்பாலும் இருந்தால், அந்தரங்கத்தைக் காத்தோம் என்பதில் என்ன பயன்? தீவிர ஒவ்வாமையில் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கவோ இரத்த அழுத்தம் சரியவோ சில நிமிடங்களே போதும். அட்ரினலின் ஊசியைத் தாமதிக்காமல் தொடையின் வெளிப்புறத்தில், ஆடைக்கு மேலாகவே போட வேண்டும். தேறாவிட்டால் 5 முதல் 15 நிமிடங்களுக்குள் இரண்டாவது ஊசி தேவைப்படலாம். ஊசிகளையெல்லாம் ஒரே முதலுதவிப் பெட்டியில் பூட்டி, சாவியை முகாமிலேயே விட்டுவிட்டு நடைக்குப் போன குழுக்களும் உண்டு. பூட்டி வைக்க வேண்டிய மருந்துகள் உண்டு, கவனக்குறைபாட்டுக்கான மாத்திரைகள் போல. உயிர் காக்கும் மருந்தை ஒருபோதும் பூட்டக் கூடாது.

இந்தச் சிக்கலுக்கு எங்கள் குழு கண்டறிந்த வழி, எல்லாருக்கும் எல்லாப் பிள்ளைகளின் விவரத்தையும் சொல்வது அன்று. எல்லாருக்கும் எல்லா அவசரங்களுக்கும் பயிற்சி கொடுப்பது. தீவிர ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, இரத்தச் சர்க்கரை இறங்குதல் ஆகிய நான்கையும் கண்டறிந்து முதல் பத்து நிமிடம் சமாளிக்கத் தெரியாத எவரையும் நாங்கள் உடன் அழைத்துச் செல்வதில்லை. மூச்சிரைக்கும் பிள்ளைக்கு இன்ஹேலரை, அதில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயோடு கொடுக்கத் தெரிந்தவருக்கு, யாருக்கெல்லாம் ஆஸ்துமா என்ற பட்டியல் முன்கூட்டியே மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. பொதுவான அறிவு எல்லாரிடமும் கனமாக இருக்கும்போது தனிப்பட்ட பிள்ளையைப் பற்றிய தகவல் சிலரிடம் இருந்தாலே போதுமானதாகிவிடுகிறது.

மருந்தும் அட்டையும் பிள்ளையோடே நடக்க வேண்டும் என்பது இரண்டாவது. இதைச் செய்தபோது, சிவப்புப் பை வைத்திருக்கும் பிள்ளை யார் என்று மற்றவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். எனவே இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரியான இடுப்புப் பை கொடுக்கிறோம். எல்லாப் பையிலும் விசில், ஒட்டும் கட்டு, பெற்றோரின் தொலைபேசி எண், மூடிய உறை ஒன்று இருக்கும். பெரும்பாலான உறைகளில் உள்ள அட்டையில் ‘சிறப்புக் குறிப்பு இல்லை’ என்று மட்டுமே எழுதியிருக்கும். உறையைத் திறக்கலாம் என்பது எந்தத் தன்னார்வலருக்கும் தெரியும். தேவையின்றித் திறக்கக் கூடாது என்பதும் தெரியும். பாதையில் குழுக்கள் எப்படிக் கலந்தாலும் தகவல் பிள்ளையை விட்டுப் பிரிவதில்லை. ஊசி உள்ள பையை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாமலும், குளிர்பெட்டியில் பனிக்கட்டியோடு வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடும் வெப்பமும் உறைதலும் அந்த மருந்தைக் கெடுத்துவிடும்.

அட்டையை முன்கூட்டியே படித்து அறிந்தவர்கள் ஒருவராக இருக்கக் கூடாது, இருவராக இருக்க வேண்டும். அந்த ஒருவருக்கே கால் பிசகலாம்.


பதில் 3: ஒரு தந்தை

வலிப்பும் ஒவ்வாமையும் பற்றிப் பேசுகிறீர்கள். உயிர் ஆபத்து என்று ஒருவரும் கருதாத, ஆனால் பிள்ளைகள் உயிரே போனாற்போல் மறைக்கும் ஒன்றைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன். என் மகன் தூக்கத்தில் சிறுநீர் கழிப்பவன். ஏழு வயதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகள்வரை இப்படி இருப்பதாகவும், வளர வளரப் பெரும்பாலானோருக்கு நின்றுவிடும் என்றும், இதில் பிள்ளையின் தவறு எதுவும் இல்லை என்றும் மருத்துவர் எங்களிடம் விளக்கினார். அந்த விளக்கம் அவன் வயதுப் பிள்ளைகளிடம் செல்லுபடியாகாது. ஒரு குழுவில் நாங்கள் படிவத்தில் எழுதியதைத் தன்னார்வலர் ஒருவர் தம் வீட்டில் பேச, அது அவர் மகன் வழியாகக் கூடாரம்வரை வந்துவிட்டது. அதற்குப்பின் என் மகன் முகாம் என்ற சொல்லையே வெகுகாலம் கேட்க விரும்பவில்லை. தகவல் கசிவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அன்று, வீட்டில் சாப்பிடும்போது இயல்பாக வரும் பேச்சால் என்பதை அப்போது உணர்ந்தேன். ஆகவே தன்னார்வலரிடம் உறுதிமொழி வாங்கும்போது ‘வெளியாரிடம் சொல்லக் கூடாது’ என்று எழுதினால் போதாது. ‘கணவர், மனைவி, பிள்ளைகள் உட்பட’ என்று எழுதுங்கள்.

அதன்பின் ஒருவரிடமும் சொல்லாமல் அனுப்பலாம் என்றும் எண்ணினோம். மருத்துவர் தடுத்தார். முகாம் நாட்களுக்கு அவனுக்கு டெஸ்மோபிரசின் என்ற மாத்திரை தரப்படுகிறது. அது இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும். அதை விழுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து அடுத்த எட்டு மணி நேரம்வரை நீரை மிகக் குறைவாகவே பருக வேண்டும். மீறினால் உடலில் நீர் தங்கி, இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலியும் வாந்தியும் தோன்றி, கடுமையானால் வலிப்புகூட வரலாம். முகாமில் தலைவர்கள் என்ன செய்வார்கள்? நாள் முழுதும் நடந்து வந்த பிள்ளைகளை, படுப்பதற்கு முன் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். நல்ல நோக்கத்தோடு சொல்லப்படும் அந்த அறிவுரைதான் இவனுக்கு ஆபத்து. வெட்கத்துக்குரியது என்று நாங்கள் எண்ணிய ஒன்றை ஒரு பெரியவராவது அறிந்தே ஆக வேண்டும் என்பது அப்படித்தான் எங்களுக்குப் புரிந்தது.

இப்போது அவன் போகும் குழுவில் ஒரே ஒருவருக்கு முழு விவரமும் தெரியும். மாலையிலேயே அவனை வேண்டிய அளவு நீர் குடிக்க வைப்பார். இரவில் மாத்திரையைக் கூடாரத்துக்கு வெளியே தனியாகக் கொடுப்பார். காலையில் மற்றவர்களுக்கு முன்பே அவனை எழுப்புவார். அவன் உறங்கும் பையைப் போலவே இன்னொன்று அவரிடம் இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் காலையில் தங்கள் படுக்கையை வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும் என்ற பொது விதியையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள், அதனால் யாருடையது எதற்காகக் காய்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. இதைச் செய்த அந்த மனிதரை நான் என்றும் மறக்க மாட்டேன்.


பதில் 4: முன்பு முகாம் பிள்ளை

எனக்குச் சிறுவயதிலிருந்தே முதல் வகை நீரிழிவு. பிள்ளையின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு, பிள்ளையாக இருந்த பக்கத்திலிருந்து பதில் சொல்ல முயல்கிறேன்.

பெரியவர்கள் அறிந்திருப்பதை நான் ஒருபோதும் வெறுத்ததில்லை. முகாமின் முதல் நாள் எல்லாரையும் வட்டமாக அமர வைத்து, என்னைப் பெயர் சொல்லி எழுப்பி, ‘இவருக்குச் சர்க்கரை நோய், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அன்போடு அறிவித்ததைத்தான் வெறுத்தேன். அந்த நொடியிலிருந்து நான் என் பெயரை இழந்து நோயின் பெயரால் அறியப்பட்டேன். அதே செய்தியை நானே, எனக்குப் பிடித்த தோழியிடம், நான் தேர்ந்த நேரத்தில் சொன்னபோது அது சாதாரணப் பேச்சாக முடிந்தது. சக பிள்ளைகளிடம் சொல்வதா, எவரிடம், எந்தச் சொற்களில் என்பவை பிள்ளையின் முடிவாகவே இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தாகக்கூடிய ஒன்றை உடன் வரும் பெரியவர் இருவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவாக இருக்க முடியாது. ஆனால் அதையும் பிள்ளைக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். எந்த இருவருக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று பிள்ளையிடம் அட்டையையே காட்டிவிடுங்கள். அந்த இருவரில் ஒருவரையாவது பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் பெண் தன்னார்வலரிடம்தான் பேச வரும் என்றால் அதை ஏற்பாடு செய்வது பெரிய காரியமில்லை.

ஐ.நா. பொதுச்சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 12ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைச் சொல்லவும் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அது மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 16ஆவது பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தில் நியாயமற்ற தலையீட்டைத் தடுக்கிறது. பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள் என்பதால் பிள்ளையைக் கேட்க வேண்டியதில்லை என்று எண்ணுபவர்கள் இந்த இரண்டையும் படிக்க வேண்டும்.

செயல் சார்ந்த குறிப்பு என்று செவிலியர் சொன்னதை நான் முழுதும் வழிமொழிகிறேன். என் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது நான் சோர்ந்து விழுவதில்லை, முதலில் எரிந்து விழுவேன். பிடிவாதம் பிடிப்பேன், நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவேன். அதை ஒழுங்கீனமாகப் பார்த்த தலைவர்கள் உண்டு. ‘திடீரென்று கோபப்பட்டால் கடிந்துகொள்ள வேண்டாம், உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையை மீண்டும் பாருங்கள், மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊட்டாமல் குளுக்ககான் (சர்க்கரையை உயர்த்தும் மருந்து) கொடுத்து உதவி அழையுங்கள்’ என்ற வரிகள் எனக்கு எவ்வளவு பாதுகாப்பாக இருந்திருக்கும்! நீண்ட நடைக்குப் பிறகு சர்க்கரை உடனே இறங்காமல், பல மணி நேரம் கழித்து நள்ளிரவில் இறங்கக்கூடும் என்பதையும் அருகில் உறங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

அந்தத் தோழியை எனக்குக் காவலாக நியமித்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரவு முழுவதும் விழித்திருந்து என் மூச்சைக் கவனிக்கும் பொறுப்பைப் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் கொடுப்பது அவளுக்கும் கொடுமை.


பதில் 5: தரவுப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் இடத்துச் சட்டத்தை அங்குள்ளவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு தவறான எண்ணங்களை எல்லா நாட்டுக் குழுக்களிடமும் காண்கிறேன். ஒன்று, அந்தரங்கச் சட்டம் இருப்பதால் அவசரத்தில்கூட மருத்துவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்ற அச்சம். 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையாக 9ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. அதே பிரிவு, ஒப்புதல் அளிக்க இயலாத நிலையில் உள்ளவரின் உயிர் காக்கத் தேவைப்படும்போது அதைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. மற்றொன்று, சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது, எனவே எப்படியும் நடந்துகொள்ளலாம் என்ற துணிச்சல். அமெரிக்காவில் உடல்நலத் தகவலின் அந்தரங்கத்துக்குப் பலரும் மேற்கோள் காட்டும் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் மருத்துவச் சேவை தருபவர்கள், காப்பீட்டுத் திட்டங்கள், அவர்களுக்காகப் பணிபுரிபவர்கள் ஆகியோருக்கானது. பெற்றோர் நடத்தும் நடைக்குழு பொதுவாக அதன்கீழ் வராது. அதனால் பெற்றோர் உங்களை நம்பிக் கொடுத்ததன் கனம் குறைந்துவிடுவதில்லை. அங்குள்ள சாரணர் அமைப்பு, உடல்நலப் படிவங்களைக் குழுத் தலைவர்கள் ஸ்கேன் செய்யவோ மின்னஞ்சலில் அனுப்பவோ கணினியில் சேமிக்கவோ கூடாது என்று தன் தலைவர்களை அறிவுறுத்துகிறது. அந்த எச்சரிக்கையை நீங்களும் பின்பற்றலாம்.

நான் தாளையே பரிந்துரைப்பேன். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள், ஒரு மூடிய உறை. ஒரே தாளில் எல்லாப் பிள்ளைகளையும் பட்டியலிட்டால், ஒரு பிள்ளைக்காக அதைத் திறப்பவர் எல்லாரையும் படித்துவிடுகிறார். அட்டவணையின் அடிப்படைக் குறையே அதுதான். முகாம் முடிந்து பிள்ளையை அழைத்துச் செல்ல வரும் பெற்றோரிடம் உறையை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததற்கு எதிரே அவர் கையெழுத்திட்டால், எதுவும் உங்களிடம் தங்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. முகாமில் ஏதேனும் நேர்ந்து மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், என்ன மருந்து, எவ்வளவு, எந்நேரம், யார் கொடுத்தார் என்ற குறிப்பை மட்டும் தனியே பூட்டி வையுங்கள். அதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதைச் சட்டமும் காப்பீட்டு நிறுவனமும் சொல்லும்.

பழைய அட்டவணைகளை மறந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சில நாட்கள் கடந்த செய்தியை, அனுப்பியவர் நினைத்தாலும் பிறர் கைபேசியிலிருந்து நீக்க முடியாது. தரவிறக்கிய கோப்பு அங்கேயே இருக்கும், காப்புப் பிரதியிலும் இருக்கும். குழுவை விட்டு விலகிப் போனவர்கள் உட்பட ஒவ்வொருவரையும் கேட்டு நீக்கச் சொல்ல வேண்டும். படங்களிலும் கவனம் தேவை: இன்சுலின் பம்பு தெரியும் ஒரு படத்தைப் பொதுவெளியில் பதிவிடுவதும் உடல்நலத் தகவலை வெளியிடுவதே.


நடைவழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டவணை அனுப்பும் வழக்கத்தை இந்த முகாமிலிருந்தே நிறுத்துகிறோம். ஒரே மாதிரியான பைகளையும் மூடிய உறைகளையும் மூத்த தன்னார்வலர்களிடம் விளக்கினேன். தகவல் பிள்ளையோடே நடக்கும் என்று தெரிந்ததும் அவர்களின் எதிர்ப்பில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. இருவர் இன்னும் தயங்குகிறார்கள்.

இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. அந்தப் பெண்ணுக்கு எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் வலிப்பு வந்துவிட்டால், பார்த்து அஞ்சும் மற்றப் பிள்ளைகளுக்கும் மறுநாள் தொலைபேசியில் கேட்கும் அவர்களின் பெற்றோருக்கும் என்ன சொல்வது? மேலும், இருவருக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று ஒரு பெற்றோர் பிடிவாதமாக நின்றால் என்ன செய்வது?


பதில் 6: குழந்தைகள் பிரிவுச் செவிலியர்

முதல் கேள்விக்கான சொற்களை முகாமுக்கு முன்பே அந்தப் பெண்ணிடமும் தாயிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிலர் நோயின் பெயரையே சொல்லிவிடுங்கள் என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். நேரும்போது ஒருவர் அவளைக் கவனிக்க, இன்னொருவர் மற்றப் பிள்ளைகளை அங்கிருந்து அழைத்துச் சென்றுவிட வேண்டும்; கைபேசியில் எவரும் படம் எடுக்க விடக் கூடாது. பிள்ளைகளுக்கு உண்மையில் வேண்டியது நோயின் பெயர் அன்று. இது தொற்றுமா, நாங்கள் ஏதாவது செய்ததால் வந்ததா, அவள் தேறிவிடுவாளா என்பவைதான் அவர்கள் மனத்தில் ஓடும். முதல் இரண்டுக்கும் ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்லலாம். மூன்றாவதற்கு, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பெரியவர்கள் அவளோடு இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். உங்களுக்கு உறுதியாகத் தெரியாததை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள். மற்றப் பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது, அந்தக் குடும்பத்திடம் பேசிவிட்டோம், உங்கள் பிள்ளை நலமாக இருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். யார் என்று கேட்பார்கள். ‘உங்கள் பிள்ளையாக இருந்தாலும் பிறரிடம் சொல்லியிருக்க மாட்டோம்’ என்று பதில் சொன்னால் பெரும்பாலோர் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

வாக்கிடாக்கி வைத்திருந்தால், அதில் பேசுவதைச் சுற்றியுள்ள எல்லாரும் கேட்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். இடத்தையும் ‘மருத்துவ உதவி தேவை’ என்பதையும் சொன்னாலே உதவி புறப்பட்டுவிடும். ஆம்புலன்ஸில் வருபவரிடமும் மருத்துவரிடமும் மட்டும் எதையும் மறைக்காமல் உறையையே கொடுத்துவிடுங்கள்.


பதில் 7: நெடுநாள் தன்னார்வலர்

இரண்டாவது கேள்விக்கு நான் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்தாகக்கூடிய நிலையை இருவரிடம்கூடச் சொல்ல அனுமதி இல்லை என்றால் அந்தப் பிள்ளையை இரவு முகாமுக்கு அழைத்துச் செல்ல முடியாது என்று பெற்றோரிடம் தனியே, மரியாதையோடு, தெளிவாகச் சொல்லுங்கள். அதைப் பலர் முன்னிலையில் சொல்லாதீர்கள், மின்னஞ்சலில் பலருக்கு நகல் வைத்தும் சொல்லாதீர்கள். அவர்களில் ஒருவர் உடன் வந்து பிள்ளையோடு நடக்கலாம், அல்லது பெற்றோர் எளிதில் வந்து சேரக்கூடிய இடத்தில் நடக்கும் பகல் நடையில் பிள்ளை முதலில் கலந்துகொள்ளலாம் என்ற மாற்று வழிகளை அதே பேச்சிலேயே முன்வையுங்கள். எங்கள் குழுவில் அப்படி மறுத்தவர்களில் பெரும்பாலோர், அந்த இருவர் யார் என்று நேரில் பார்த்துப் பேசிய பிறகு, உறையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள்.